குமிழி சாரும் கடலுக்குப் போன பேட்டரிப் பெட்டியும்

காற்றை ஜன்மப் பகையாக நினைத்து முப்பது வருஷமாகச் சண்டை போடும் ஒரே மனிதர் எங்கள் குமிழி சார்தான். அவருடைய அசல் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஆழ்கடலில் கேமரா இறக்கும் ஆய்வுக்கூடம் எங்களுடையது, தரமணியில் இருக்கிறது. கேமராவுக்கு உயிர், சார்ஜ் ஏற்றும் பேட்டரிகள். அவற்றைப் பெட்டியில் அடுக்கி விளிம்புவரை எண்ணெய் ஊற்றி மூடுவோம். ஆழத்தில் தண்ணீர் நெருக்கும்போது எண்ணெய் தாங்கும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் அது நசுங்கும், கூடவே பெட்டியும். ஆகவே பெட்டியை மூன்று நாள் சாய்த்து வைத்து, தட்டித் தட்டிக் காற்றை விரட்டுவது குமிழி சாரின் தவம்.

வியாதி அதோடு நின்றதா? கேன்டீன் டீயின் நுரையை ஸ்பூனால் குத்துவார். "இன்னா சார், ஊரே நுரைக்கோசரம்தான் டீ குடிக்குது!" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். மேற்கு மாம்பலத்தில் மகள் கல்யாணப் பந்தியில் தன் அப்பளத்துக் கொப்புளங்களை உடைத்து முடித்துவிட்டு, பக்கத்து இலைக்கும் கை நீட்டினாராம். அது சம்பந்தியின் இலை.

அந்தக் கல்யாண லீவில்தான் பெட்டி என் கைக்கு வந்தது. நான் சேர்ந்து எட்டு மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் மேதாவி. ஒரே நாளில் மூடிவிட்டேன். மணமேடையிலிருந்து போன் வந்தது.

"மூணு நாள் ஆச்சாடா?"

"ஆச்சு சார்."

லீவு முடிந்து அவரும் எங்களோடு கப்பலேறினார். கேமரா கடலில் பாதி ஆழம்கூடப் போகவில்லை, திரை இருண்டது. மேலே இழுத்தால், பெட்டி மிதிபட்ட பால் டின் மாதிரி வந்தது. ஆய்வுக்கூட டைரக்டர் கத்தினார்: "யாருய்யா எண்ணெய் ஊத்தினது?"

வேலை போச்சு என்று நினைத்தேன். கேபிளைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"நான்தான் சார்," என்றார் குமிழி சார்.

"நீங்க பொண்ணு கல்யாணத்துல இல்ல இருந்தீங்க?"

"மனசு கேக்கல சார். தாலி கட்டினதும் ஓடியாந்து ஊத்திட்டுப் போனேன்."

வேறு யார் சொன்னாலும் டைரக்டர் சிரித்திருப்பார். இவர் சொன்னதால் கப்பலே நம்பியது.

"ஏன் சார்?" என்று அவரிடம் தனியாகக் கேட்டேன்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் கீது. என்னை இன்னாடா பண்ணிடுவாங்க?"

பண்ணினார்கள். அடுத்த பயணத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு என்னை ஏற்றினார்கள். துறைமுக வாசல்வரை வந்து, "வாந்தி வந்தா மோந்துக்கோ நைனா" என்று ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை டைரக்டர் ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர். சார், அன்றைக்கு எண்ணெய் ஊற்றியது நான். அடுத்த கப்பலில் குமிழி சாரை ஏற்றுங்கள். அவர் இல்லாத கடல் எனக்குப் பிடிக்கவில்லை.