இறக்கிய பாயும் இறங்காத நானும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டே ஒரு சபதம் செய்தேன். இனிமேல் இறக்கிய பாய் என் சொல்லைக் கேட்கும். கேட்காவிட்டால் என்ன செய்வேன் என்பதை, நுரையைத் துப்பிய பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். என்னிடம் ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. சின்னதுதான். எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டியும் முட்டியும் இடிக்கும். ஆனால் பாயை ஏற்றிவிட்டால் போதும், அது படகே இல்லை, பறவை. கயிற்றை இழுக்க இழுக்க விறுவிறுவென்று மேலே போகும். காற்று வந்து உள்ளே புகுந்ததும் வயிற்றை உப்பிக்கொண்டு ஒரு சாய்வு சாயும் பாருங்கள், ஏரியே நம் பெயருக்கு எழுதி வைத்த மாதிரி இருக்கும். முதல் நாள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் துணி, வெறும் காற்று. இரண்டும் சேர்ந்தால் இவ்வளவு பெரிய மிருகமா!

இறக்கும்போதுதான் வம்பு. இறங்கிய பாய் இறந்த பாய் இல்லை. அடியில் இருக்கும் குறுக்குக் கழியின் மேல் குவியலாக விழும். செத்த பாம்பு மாதிரி கிடக்கும். அடுத்த காற்றுக்கு எழுந்து முகத்தில் ஓங்கி ஓர் அறை விடும். அதற்குள் மடித்து, கழியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

"கட்டுறதுதானே?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் இருபத்திரண்டு வருஷமாக நான் தபால் ஆபீஸில் பார்சல் பிரிவு. நான் கட்டியது எதுவும் இதுவரை அவிழ்ந்ததில்லை. என் மனைவியைக் கட்டியது உட்பட.

அவள் பிரசவ வார்டில் தலைமை நர்ஸ். வார்டில் அவள் குரல் கேட்டால் டாக்டர்களே செருப்பைச் சரியாகப் போட்டுக்கொள்வார்கள் என்று கேள்வி. போன மாதம், நான் கன்னத்தில் பாய் அறைந்த காயத்தோடு வீட்டுக்கு வந்தபோது, பஞ்சை வைத்து ஒற்றிக்கொண்டே ஒரு பந்தயம் வைத்தாள்.

"என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. என் கை படாம பாயை ஏத்தி, இறக்கி, கட்டி, கரைக்குக் கொண்டு வந்துட்டா படகு உங்க இஷ்டம்."

"உன் கை பட்டா?"

"படகு என் இஷ்டம்."

"சம்மதம்!" என்றேன். படகை விற்றுவிடத்தான் திட்டம் போடுகிறாள் என்று புரிந்தது. எனக்கா புரியாது!

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. திரைச்சீலைக் கம்பியைக் கழற்றி இரண்டு நாற்காலிகளின் மேல் வைத்தேன். அதன் மேல் படுக்கை விரிப்பு. காற்றுக்கு மேஜை ஃபேன், முழு வேகத்தில். விரிப்பு என் தலையில் சுற்றிக்கொண்ட நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"காத்தோட மல்லுக்கட்டுறேன்."

"ஃபேனை நிறுத்தினா தோத்துடுமே."

இவளிடம் கலையைப் பற்றி என்ன பேசுவது? நேராகப் படகுத்துறைக்குப் போனேன். அங்கே பாய் தைக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். உள்ளங்கை முழுக்க ஊசிக் காய்ப்பு. "ரகசியமா சொல்லிக்கொடுங்க, என் வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது" என்று காதோடு சொன்னேன். தலையாட்டினார்.

முதலில் என் வித்தையைக் காட்டினேன். ஒரே நீளக் கயிறு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்று, முடிச்சு, சுற்று, முடிச்சு. அசையவில்லை! பெரியவர் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"இப்ப அவிழுங்க சார்."

கால் மணி நேரம் நகத்தாலும் பல்லாலும் போராடினேன். கடைசியில் அவர் கத்தியை எடுத்தார்.

"பாயைக் கட்டணும் சார், பார்சல் பண்ணக் கூடாது. ஆபத்துன்னா ஒரே இழுப்புல அவிழ்ந்து, பாய் மறுபடி மேல போகணும்." பிறகு மூன்று பட்டை நாடாக்களை எடுத்து நீட்டினார். "இதான் நல்லது."

ரிப்பன்! தலை பின்னிக்கொள்ளவா வந்தேன்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொக்கி வைத்த ரப்பர் கயிறு நாலு வாங்கினேன். ஸ்கூட்டரின் பின்னால் சாமான் கட்டுவோமே, அதுதான். இழு, மாட்டு, முடிந்தது.

இப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாயை ஏற்றினேன். படகு சாய்ந்து பாய்ந்தது. தண்ணீரில் வெயில் ஆயிரம் துண்டாக உடைந்து கிடந்தது. அவள் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். 'மயங்கிவிட்டாள், ஜெயித்துவிட்டோம்' என்று நினைத்தேன்.

அப்போது மேற்கே வானம் கறுத்தது. ஏரியின் மேல் ஒரு கருங்கோடு எங்களை நோக்கி ஓடி வந்தது. காற்று. பயமாகவும் இருந்தது, கும்பிடத் தோன்றும்படியாகவும் இருந்தது.

பாயை இறக்கினேன். அள்ளி அணைத்து முதல் கொக்கியை மாட்டினேன். இரண்டாவதை இழுத்தபோது முதலாவது தெறித்து, என் காதோரம் விசிலடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது. மூன்றாவது என் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டது. இப்போது பாய் கழியில் இல்லை, நான்தான் கழியில் இருந்தேன். பாய் தானாகவே பாய்மரத்தில் மேலே ஏற ஆரம்பித்தது. படகு கல் கரையை நோக்கி ஓடியது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

"ஏங்க, ஏத்துற கயித்தைக் கட்டினீங்களா?" என்றாள் அவள், அமைதியாக.

"இல்லை!"

"அதான் ஏறுது."

"பேசிட்டே இருக்கியே, ஒரு கை குடேன்!"

"கை படக் கூடாதுன்னு பேச்சு."

"கல்லு வருதும்மா!"

"வாயால கேளுங்க."

"கை குடு தாயே! படகு உன் இஷ்டம்! எல்லாமே உன் இஷ்டம்!"

அவள் எழுந்தாள். அந்த ஆட்டத்திலும் தடுமாறாமல், ஏற்றும் கயிற்றை முதலில் இறுக்கிக் கட்டினாள். பாயைக் கீழே இழுத்து முழங்காலால் அழுத்தினாள். உள்ளே இருந்த காற்று புஸ்ஸென்று போனது. "அவ்வளவுதான், அவ்வளவுதான், இதோ ஆச்சு" என்று அதனிடம் பேசினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மிருகம் கேட்டது! ஓரத்தைப் பின்னால் இழுத்து, கழியின் இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு. பிறந்த குழந்தையைச் சுற்றுகிற கை அது. திமிறுவதை வலிக்காமல் அடக்கும் கை. கைப்பையைத் திறந்தாள். உள்ளே மூன்று பட்டை நாடாக்கள். நடுவில் ஒன்று, முனையில் ஒன்று, மரத்தின் பக்கம் ஒன்று. இழுத்தால் அவிழும் முடிச்சு.

அத்தனை காற்றிலும் பாய் மூச்சு விடாமல் தூங்கியது. நான் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இந்தக் கைகளை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

"வேடிக்கை பார்த்தது போதும். துடுப்பு போடுங்க" என்றாள்.

போட்டேன். கல்லுக்கு ஒரு முழம் முன்னால் படகு திரும்பியது.

துறையில் பெரியவர் நின்றிருந்தார். பக்கத்தில் உயிர்க்காப்புச் சட்டை மாட்டிய மூன்று பெண்கள் கைதட்டினார்கள். பிரசவ வார்டு நர்ஸ்கள்.

"சிஸ்டர், கட்டு பிரமாதம்!"

"இவங்க எதுக்கு இங்க?" என்றேன்.

"என்னோட மாலுமிங்க. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள்."

"எத்தனை செவ்வாயா நடக்குது இது?"

"மூணு மாசமா. நீங்க ஆபீஸ்ல பார்சல் கட்டிட்டு இருந்த எல்லாச் செவ்வாயும்."

நான் பெரியவர் பக்கம் திரும்பினேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க ரகசியம்னு சொன்னீங்க. அம்மாவும் ரகசியம்னு சொன்னாங்க. நான் ரெண்டு பேருக்கும் நாணயமா இருந்தேன்."

"சரி, படகை யாருக்கு விக்கப் போறே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"விக்கறதா? யார் சொன்னது? என் இஷ்டம்னா, நான் ஓட்டறதுன்னு அர்த்தம்."

"அப்ப நான்?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிக்கலான கேஸ் வந்தால் வார்டில் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்களாம்.

இரக்கப்பட்டு எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: பாய் இறங்கியதும், அவர்கள் நாடாவைத் தேடி எடுக்கும் வரை, அது பறக்காமல் இருக்க அதன் மேல் குப்புறப் படுத்துக்கொள்வது.