தங்கை தைத்த கோட்டும் என் மேல்தட்டும்

அன்பிற்குரிய தங்கைக்கு, ஆவண அறையிலிருந்து அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என நம்புகிறேன். என் மனநலம் பற்றிக் கீழே காண்க.

வேலைக்குப் போகும் பெண்களின் உடையையே மாற்றிக் காட்டியவள் என்று பத்திரிகையில் உன் படம் வந்தபோது அதை வெட்டிச் சுவரில் ஒட்டியவன் நான். எங்கள் அலுவலகப் பெண்களுக்கு நீ வடிவமைத்த கோட்டுதான் சீருடையாக வேண்டும் என்று மேலாளரிடம் மல்லுக்கட்டியவனும் இந்த மடையன்தான். பழைய கோட்டில் கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் தையல் விட்டுப்போகும், அதனால் எவரும் தூக்குவதில்லை, அலுவலகம் அமைதியாக நடந்தது. நீ என்னடான்னா அக்குளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுத் துணி வச்சு, கை தாராளமா மேல போற மாதிரி தைச்சிருக்கே. ஏம்மா, அதை யாரு கேட்டா? "வேலை செய்றவங்களைக் கேட்டுத்தாண்ணா தைச்சேன்"னு சொல்லுவே. என்னைக் கேட்டியா?

இருபத்திரண்டு வருஷமா எனக்குன்னு ஒரு முறை இருக்கு. முடிச்ச ஃபைல் கீழ்த்தட்டு, முடிக்கப்போற ஃபைல் நடுத்தட்டு, என்ன செய்யறதுன்னே தெரியாத ஃபைல் மேல்தட்டு. நான் நெட்டை, எக்கி வச்சிடுவேன். யாராவது கேட்டா "மேல இருக்கு, பார்க்கிறேன்"னு சொல்லுவேன், போயிடுவாங்க. நாற்காலி போட்டு ஏறலாமேன்னு கேப்பே. இருக்கிற ஒரே நாற்காலியில நான் உட்கார்ந்திருக்கேன். போன திங்கக்கிழமை டைப்பிஸ்ட் அம்மா புதுக் கோட்டோட வந்தாங்க, நான் வாயைத் திறக்குறதுக்குள்ள ரெண்டு கையையும் தூக்கி மேல்தட்டுல இருந்து ஒரு ஃபைல் கட்டை அலேக்கா இறக்கிட்டாங்க. தும்மிக்கிட்டே பிரிச்சா, ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவங்க குடுத்த இடமாற்ற மனு உள்ளே இருக்கு. திட்டியிருந்தாக்கூட தேவலை. நேராப் போய்ப் புதுக் கோட்டு போட்ட இன்னும் மூணு பேரைக் கூட்டிட்டு வந்து, முன்வரிசைக் கட்டு எல்லாத்தையும் இறக்கிட்டாங்க. சாயந்திரத்துக்குள்ள என் மானம் கப்பலேறிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம், இல்லேன்னா வேலையே போயிடுமாம். எல்லாம் உன் ஒரு துண்டுத் துணியால.

ஆகவே அந்தத் துண்டை உடனே நீக்கும்படி உன் தையல்கூடங்கள் அனைத்துக்கும் நீ உத்தரவிட வேண்டும். மாட்டேன் என்றால் நீ எனக்குத் தங்கையுமில்லை, நான் உனக்கு அண்ணனுமில்லை. அண்ணி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மனமொடிந்த உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்துல டைப்பிஸ்ட் அம்மா ஒரு காகிதத்தை என் மேஜையில வச்சுட்டுப் போனாங்க. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வந்த பதவி உயர்வு உத்தரவு. பத்து நாளைக்குள்ள சம்மதம் எழுதணும்னு போட்டிருக்கு. நான் பிரிக்காமலே மேல வச்சிருக்கேன். அந்தப் பதவிக்கு வந்தவர்தான் இப்ப என்கிட்ட விளக்கம் கேக்குறார். மேல்தட்டுப் பின்வரிசையில இன்னும் நாலு கட்டு இருக்கு, என் கோட்டைப் போட்டுக்கிட்டு நீட்டினா கை அவ்வளவு தூரம் போகலை. அந்தத் துண்டை வச்சு எனக்கும் ஒண்ணு தைச்சு அனுப்பும்மா. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வேணும்.