மூடி வைத்தால் உப்புவது மாவு மட்டுமே

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய ரொட்டிக்கடைக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், பாப்பா நலம், அடுப்பும் நலம். உங்கள் நலத்தையும் இரத்த அழுத்தத்தையும் அறிய ஆவல்.

உங்கள் தங்கை வெளியூர்ப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று, "அடுப்பப் பாத்துக்கத் தெரிஞ்சவனுக்குப் பிள்ளையப் பாத்துக்கத் தெரியுமா? ஒரு காய்ச்சல் வந்தா திருதிருன்னு முழிப்பான். பாப்பாவ இங்க அனுப்பிடு" என்று போனில் சொன்னீர்களே, அது என் காதிலும் விழுந்தது. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் அவள் பேசிக்கொண்டிருந்தாள். இந்தப் பயிற்சியை முடித்தால்தான் அவளுக்குப் பதவி உயர்வு. பாப்பாவுக்கு ஒன்று என்றால் பாதியில் ஓடி வந்துவிடுவாள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் வாய்முகூர்த்தம், அவள் போன வாரமே பாப்பாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

எனக்குத் தெரிந்தது மாவு வைத்தியம். ஜன்னலைச் சாத்தினேன், ஸ்வெட்டர் போட்டேன், குல்லா மாட்டினேன், போர்வைகளால் சுற்றினேன். பாப்பா உள்ளேயிருந்து, "அப்பா, நான் வெந்துட்டேனா?" என்றாள். மூட்டையோடு தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன். நர்ஸம்மா ஒவ்வொன்றாக உரித்துப் பாப்பாவைக் கண்டுபிடித்துவிட்டு, "பிள்ளை என்ன பன் மாவா? மூடி வெச்சா உப்புறதுக்கு?" என்று கேட்டதும் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மருந்து வயதைப் பார்த்து இல்லை, எடையைப் பார்த்துத்தான் என்றார் டாக்டர். எடை என்றதும் எனக்கு உயிர் வந்தது. மாவு மூட்டை தூக்கிப் பழகிய கையல்லவா, கையாலேயே தூக்கிப் பார்த்த எடையைச் சட்டென்று சொன்னேன். தராசு குறைவாகக் காட்டியது. அந்த வித்தியாசம் போர்வைகளின் எடை. என் கணக்கில் பிழையில்லை.

அங்கே பெற்றோருக்கு நர்ஸம்மா வகுப்பும் எடுக்கிறார். முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மெல்லிய துணி போடு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடு, ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றாதே. மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தால், எதையுமே குடிக்க மறுத்தால் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. எல்லாவற்றுக்கும் மேலே, "தெர்மாமீட்டர் நம்பரையே பாத்துட்டு இருக்காதீங்க, ஆளப் பாருங்க." மச்சான், இதை நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

மறுநாளும் காய்ச்சல் அடித்தது. நான் அசரவில்லை. உங்கள் தங்கை போனில், "கிளம்பி வரட்டுமா?" என்று அழுதாள். "நீ முடிச்சிட்டே வா. தண்ணி குடிக்கிறா, ஒண்ணுக்குப் போறா, என் தலைமுடிய இழுத்து விளையாடுறா. நான் இருக்கேன்" என்றேன். சொல்லிவிட்டு என்னை நினைத்து எனக்கே கண் கலங்கியது. இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, பாப்பா குதிக்கிறாள். ரொட்டி வாங்க வருகிறவர்கள் காய்ச்சலைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் என் கடைப்படி இறங்க முடிவதில்லை. ஒருவர், "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க" என்று கெஞ்சினார். ஆகும்போது உதவும் என்று முழுவதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

ஆகவே பாப்பா இங்கேயே இருப்பாள். இந்த வீட்டில் காய்ச்சலுக்குப் பயப்படுகிறவர்கள் யாரும் இல்லை. உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு நோய்நொடி இல்லாத வாழ்வுக்கு என் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்த மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் எனக்கே காய்ச்சல் வந்துவிட்டது. நம்பர் நூறைத் தாண்டிவிட்டது மச்சான், கைகால் ஓடவில்லை. இருக்கிற போர்வை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு படுத்தேன். பாப்பா ஜன்னலைத் திறந்துவிட்டு, போர்வையை உருவிப் போட்டுவிட்டு, தண்ணீர் டம்ளரோடு தலைமாட்டில் நின்று, "நீ என்ன பன் மாவா?" என்கிறாள். உடனே கிளம்பி வரவும். பாப்பாவுக்கென்று அங்கே கட்டில் போட்டு வைத்திருப்பீர்களே, அது எனக்குப் போதும். பாப்பாவும் கூட வருவாள், என்னைப் பார்த்துக்கொள்ள.