லேசா அண்ணனும் ஒரு லோடு மண்ணும்

ஒரகடம் வட்டாரத்தில் லேசா அண்ணன் அளவுக்கு மண்ணுக்கு மரியாதை கொடுத்த மனிதர் கிடையாது. விவசாயிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்களாவது மண்ணில் தைரியமாகக் கால் வைப்பார்கள். லேசா அண்ணன் விசாரிக்காமல் வைக்க மாட்டார்.

மனைவியையும் மகளையும் விருதுநகர் பக்கம் விட்டுவிட்டு, கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம். சேரப்பணஞ்சேரியில் ஒரு ரூம் கிடைத்தது. அதில் ஏற்கெனவே இருந்தவர் அவர். ஐம்பதைத் தாண்டிய வயது. எங்கள் கம்பெனியிலேயே ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அதற்கு முன்னால் பல வருஷம் கடலோரத்து அணுமின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. அங்கே குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினால், வெளியே வருகிற மண்ணை மீட்டர் வைத்துப் பார்ப்பார்களாம். சுத்தமான மண் ஒரு பக்கம். கொஞ்சமே கொஞ்சம் கதிர்வீச்சுக் கறை பட்ட மண் இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது மண்ணைத் தூசி பறக்காமல் நனைத்து, டிரம்மில் அடைத்து, எங்கே தோண்டியது என்று எழுதி ஒட்டி, மழை படாமல் தார்ப்பாய் போட்டுப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

"ஆபத்தான மண்ணாண்ணே?" என்று முதல் நாளே கேட்டேன்.

யோசித்தார். "லேசா."

பெயர்க் காரணம் இதுதான். காய்ச்சலா? லேசா. மழையா? லேசா. ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று அவர் கட்டைவிரலில் ஏறி இறங்கியது. அலறியடித்து ஓடிப்போய், "வலிக்குதாண்ணே?" என்றால், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, "லேசா" என்கிறார்.

ரூம் வாசலுக்கு உள்ளே தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார். இந்தப்பக்கம் வெளிச்செருப்பு, அந்தப்பக்கம் உள்செருப்பு. நடுவில் வெறுங்கால் தரையில் படக்கூடாது. கேஸ் போட வந்தவர் தோளில் சிலிண்டரோடு ஒற்றைக்காலில் நின்று செருப்பு மாற்றிய காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வேலை முடிந்து வந்தால் அண்ணன் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். அணுமின் நிலையத்தில் அப்படி நின்றால் ஒரு மெஷின் உடம்பைச் சோதித்துப் பச்சை விளக்கு போடுமாம். இங்கே விளக்கு போட ஆளில்லை. அதனால் அவரே வாயால் "டிங்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவார்.

கம்பெனியில் இது வேறு மாதிரி பரவியது. இருட்டில் அவர் பல் மின்னும் என்றார்கள். அவர் கையில் செல்போனைக் கொடுத்தால் தானாகச் சார்ஜ் ஏறும் என்றார்கள். கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் முழு மேஜையும் அவருக்கே சொந்தம். பஸ்ஸில் பக்கத்து சீட் எப்போதும் காலி. நின்றுகொண்டே வருவார்கள், உட்கார மாட்டார்கள்.

"நல்லதுதான்பா, காலை நீட்டிக்கலாம்" என்பார். நீட்டி நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருப்பார்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு எடத்துல பாத்தாங்க. எங்க வேலன்னு கேட்டாங்க, சொன்னேன். கொழந்த பொறக்குமான்னு கேட்டாங்க. கட்டி வெச்சாத்தானப்பா தெரியும்?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் எழுந்துபோய் இன்னொரு தடவை ரூமைப் பெருக்கினார்.

அப்போதுதான் வீட்டு ஓனர் இன்னும் நாலு ரூம் கட்ட ஆசைப்பட்டு, பக்கத்துப் பள்ளத்தை மேடாக்க ஒரு லோடு மண் கொண்டுவந்து கொட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை கண் விழித்துப் பார்த்தால், மண் குவியல்மேல் தார்ப்பாய். சுற்றிலும் மஞ்சள் கயிறு. நடுவில் அட்டையில் பெரிய எழுத்து: 'மண். ஊர் தெரியவில்லை. தொடாதீர்.'

காபி குடிக்கும் நேரத்துக்குள் தெருவே கலங்கிவிட்டது. அணு மண்ணை இங்கே கொட்டிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. பிள்ளைகளை வீட்டுக்குள் போட்டுப் பூட்டினார்கள். பால்காரர் தெருமுனையிலேயே நின்று ஹாரன் அடித்தார். மண்ணைத் தள்ள வந்த ஜேசிபி டிரைவர், அட்டையைப் படித்துவிட்டு வண்டியை ரிவர்ஸிலேயே மெயின்ரோடு வரைக்கும் ஓட்டிப்போனார்.

ஓனர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். "யோவ், இன்னாயா பண்ணிவெச்சிக்கீற?"

"மண்ணுல ஒண்ணும் இல்ல ஓனர். எங்கேந்து வந்துச்சின்னு மட்டும் சொல்லுங்க, எழுதிடறேன்."

"ஏரி மண்ணுயா!"

"எந்த ஏரி?"

"வடக்குப்பட்டு ஏரி! போதுமா?"

அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, ஊர் தெரியவில்லை என்பதை அடித்துவிட்டு, வடக்குப்பட்டு என்று எழுதினார். கயிற்றை அவிழ்த்தார். தார்ப்பாயைச் சுருட்டினார். "அவ்ளோதான் ஓனர். பேர் ஊர் இல்லாம கெடக்கக் கூடாது பாருங்க."

ஓனருக்குக் கோபம் அடங்கவில்லை. தெரு முழுக்க வேடிக்கை பார்க்கிறது. "மண்ணு கெடக்கட்டும்யா. உன் ஒடம்புல இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்? மாசம் முடிஞ்சதும் ரூமைக் காலி பண்ணு."

எத்தனையோ கேலிக்குச் சிரித்த மனிதர் அதற்குச் சிரிக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். வெளிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். "உள்ள வாங்கண்ணே." "இருக்கட்டும்பா. நீ சாப்டு."

நான் இரண்டு தட்டிலும் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே போய், அவரை ஒட்டி உட்கார்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

"அந்தாளு சொன்னது கஷ்டமா இருக்காண்ணே?"

"லேசா" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

மாசம் முடிவதற்குள் பழைய காண்ட்ராக்டர் கூப்பிட்டுவிட்டார். அங்கே புதிதாகப் பள்ளம் தோண்டுகிறார்களாம், பழகின ஆள் வேண்டுமாம். மாப்பிள்ளை மாதிரி ஷேவ் செய்துகொண்டு கிளம்பினார். போவதற்கு முன் சிவப்பு டேப்பை உரித்து, பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது ஓனர் வந்தார். தலையைச் சொறிந்தார்.

"அந்த ஓரத்துல ரெண்டு வாழை வெக்கலாம்னு பாக்கறேன். மண்ணு சரியா இருக்குமாயா?"

"தாராளமா வைங்க ஓனர்."

"சாப்ட்டுப் போயேன்."

"பஸ்ஸு வந்துடும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் இடத்துக்கு வந்த பையனுக்கு நைட் ஷிஃப்ட், எனக்குப் பகல். அவன் முகத்தைவிட அவன் போர்வையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"மண்ணெல்லாம் எப்படிண்ணே இருக்கு?"

"அதுங்களுக்கு இன்னா, பத்திரமா கீதுங்க. நீ எப்டிக்கீற, அத்த சொல்லு."

நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடத்தான் நினைத்தேன். என்னவோ, சொல்லிக்கொண்டே போய்விட்டேன். மகளின் பள்ளிக்கூடம், லைனில் சூப்பர்வைசர் கத்தியது, ரசத்தில் உப்பு கூடினது வரைக்கும். தட்டில் சோறு காய்ந்துவிட்டது. நான் முடிக்கும்வரை அவர் போனை வைக்கவே இல்லை.