பத்து நிமிடத்தில் ஆறாம் மாடி ஏறிய படலம்

வாழ்க அவள்! பதினெட்டு நிரம்பியவளும், பன்னிரண்டாம் வகுப்பு என்னும் பெருங்கானகத்தை மூக்குக்கண்ணாடியின் பவர் ஒன்றரை கூடிய சேதத்தோடு கடந்தவளும், முதுகில் பையையும் காதில் தந்தையின் அறிவுரையையும் ஒருசேரச் சுமப்பவளும், மாநகரப் பெரும் பல்கலைக்கழகத்தின் முதற்பருவ வாயிலில் இன்னும் எட்டே நாளில் அடியெடுத்து வைக்கவிருப்பவளுமாகிய அந்த ஒற்றை மகளின் வீரத்தைப் பாடப் புகுந்தோம். பாடும் முன் ஒரு தெய்வத்தை வணங்குவது முறை. ஆனால் ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட பத்து நிமிடத்துக்குப் பொறுப்பேற்க எந்தத் தெய்வமும் முன்வந்ததாகத் தெரியவில்லை. ஆகவே வணக்கத்தை ஒத்திவைத்துவிட்டு நேரே போருக்குப் போகிறோம்.

போரை மூட்டியது ஒரு கால அட்டவணை. வேதியியல் வகுப்பு எல்லோருக்கும் கட்டாயம். அது வடகோடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் பத்து ஐம்பதுக்கு முடிகிறது. அத்துடன் மாணவர் தாமே ஒரு பாடத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் பெருந்தன்மையோடு அறிவித்திருந்தது. மகள் தேர்ந்தது பழைய நிலப்படங்கள் என்ற பாடம். ஒருவரும் போய்ப் பார்க்காத கடல்களை அந்தக் காலத்தில் எந்த தைரியத்தில் வரைந்தார்கள் என்பதைப் பாடப் பட்டியலில் நாலே வரியில் படித்த நாள் முதல் அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அந்த வகுப்பு தென்கோடிக் கோபுரக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் பதினோரு மணிக்குத் தொடங்குகிறது.

இங்கேதான் தந்தை களத்தில் இறங்கினார். எஃகுக் கயிறுகளின் தோழர், இருண்ட சுரங்கங்களில் தொங்கி வேலை பார்த்தவர், நகரத்து நானூறு மின்தூக்கிகளின் இருமலையும் விக்கலையும் காதாலேயே பிரித்தறியும் பேராற்றல் படைத்தவர், சுருங்கச் சொன்னால் லிஃப்ட் மெக்கானிக். வேதியியலுக்குப் பக்கத்து அறையிலேயே புள்ளியியல் நடக்கும்போது, படம் பார்க்க ஊர்க்கோடிக்கு ஏன் ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும், திங்கட்கிழமை காலை அதைக் கொடுத்தாக வேண்டும். மகள் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தந்தை தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பிரகடனம் செய்தார்.

“லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறவனுக்குப் பத்து நிமிஷம்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். லேட்டா போறதுக்குப் போகாமலே இருக்கலாம். ஞாயித்துக்கிழமை வந்து ஏறிக் காட்டு. பத்து நிமிஷத்துக்குள்ள ஏறிட்டா கையெழுத்து. இல்லன்னா புள்ளியியல்.”

மகள் சம்மதித்தாள். அம்மா எந்தப் பக்கமும் சேராமல், யார் ஜெயித்தாலும் ஒரு மணிக்குள் சாப்பிட வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொண்டாள்.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வடகோடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருவரும் நின்றார்கள். தந்தையின் கழுத்தில், கதவு மூடும் நேரத்தை அளக்க அவர் இருபது ஆண்டாக வைத்திருக்கும் ஸ்டாப் வாட்ச் தொங்கியது. வேறு எந்தக் கடிகாரமும் செல்லாது என்று தீர்ப்பாகி, மகளின் கைப்பேசி அவர் சட்டைப்பைக்குள் சிறை வைக்கப்பட்டிருந்தது. புத்தகங்கள் இன்னும் வாங்கவில்லை. வெறும் பையோடு ஓடுவது கள்ள ஆட்டம் என்று அறம் பேசிய தந்தை, எடைக்கு எடை சரியாக இருக்கட்டும் என்று தம் ஆயுதச் சாலையிலிருந்து ஐந்து பெரிய ஸ்பேனர்களையும் ஒரு சுத்தியலையும் எடுத்துப் பையில் போட்டிருந்தார். மேலே படிவக் கோப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன.

“சரி, போ” என்றார்.

புறப்பட்டாள்! ஸ்பேனர்கள் முரசு கொட்ட, பின்னல் முதுகில் புரள, நான்கு மாடிப் படிகளையும் இரண்டிரண்டாக விழுங்கிக் கீழே வந்து பார்த்தால், லிஃப்டில் இறங்கிய தந்தை கதவருகே சாய்ந்து நின்று நகம் பார்த்துக்கொண்டிருந்தார். முதற்சுற்று லிஃப்டுக் கட்சிக்கு.  அவர் சிரித்த சிரிப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காவலாளியிடம் இரவல் வாங்கிய சைக்கிள் என்னும் தேரில் அவர் ஏறிக்கொள்ள, மகள் கால்நடையாகவே சமவெளியில் பாய்ந்தாள்.

அச்சமவெளியின் அகலத்தை என்னென்போம்! ஆளில்லாத புல்வெளியில் தானாகச் சுழன்று நீர் பீய்ச்சும் குழாய்களின் அம்புமாரியை இடப்பக்கம் ஏற்று, சாலைக்கு மேலே போகும் இரும்பு நடைபாலத்தில் ஏறி இறங்கி, மூடிக் கிடந்த உணவகத்தைத் திரும்பியும் பாராமல் கடந்து, ஞாயிறன்று பூட்டி வைக்கும் நடுக்கதவுக்குப் பக்கத்துச் செடிவேலியில் எந்தத் தலைமுறை மாணவரோ உண்டாக்கி வைத்த இடைவெளியில் பையை முதலில் எறிந்து தன்னைப் பின்னால் நுழைத்து, கோபுரக் கட்டடத்தின் அடிவாரத்தை அவள் அடைந்தபோது, சுற்றுப்பாதையில் வந்து சேர்ந்திருந்த தந்தை, “ஆறு நிமிஷம் ஆச்சு” என்று அறிவித்தார். மூச்சு வாங்கியது. விலா பிடித்துக்கொண்டது.

தந்தை லிஃப்டின் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. அவர் உள்ளே நின்று, வேண்டுமானால் நீயும் வா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். மகள் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வகுப்பு நாளில் அந்த ஒற்றை லிஃப்டின் முன்னால் இருநூறு பேர் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதைவிட, அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பார்க்க அவள் தயாராக இல்லை.

முதல் மாடியில் வீரம் இருந்தது. இரண்டாம் மாடியில் வைராக்கியம் இருந்தது. மூன்றாம் மாடியில் இரண்டும் போய், புள்ளியியல் அப்படி ஒன்றும் கெட்ட பாடமில்லை என்று கால்கள் சமாதானம் பேசத் தொடங்கின. நான்காம் மாடியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே இழுத்தாள். ஐந்தாம் மாடியில் கடல்களை வரைந்தவர்களை எல்லாம் வாய்விட்டுத் திட்டினாள். ஆறாம் மாடியில் வலப்பக்கம் நான்காவதாக இருந்த நிலப்பட வகுப்பறைக் கதவில் உள்ளங்கையை அறைந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

தந்தை அங்கே இல்லை.

எங்கே போனார்? கீழே லிஃப்டுக் கதவு மூடப் போய், பாதியில் மனம் மாறித் திறந்தது. மறுபடி மூடப் போய்த் திறந்தது. தூக்கத்தில் கூப்பிட்டாலும் எழுந்து ஓடும் அந்தக் காதில் ஒரு கீச்சொலி விழுந்தது. கதவு ஓடும் பள்ளத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது! கழுத்தில் நேரம் ஓடிக்கொண்டிருப்பதையும், மேலே மகள் மூச்சைப் பிடித்து ஏறிக்கொண்டிருப்பதையும், தாம் இங்கே மெக்கானிக் அல்ல, நடுவர் என்பதையும் ஒருங்கே மறந்து அவர் மண்டியிட்டார். ஆயுதங்கள் மகளின் முதுகில் மேலே போய்விட்டன. அதனால் என்ன, வீட்டுச் சாவி இருக்கிறதே! அதைக் கொண்டு சுரண்டி ஒரு சட்டைப் பொத்தான், இரண்டு கொண்டை ஊசி, நசுங்கிய தண்ணீர்ப் பாட்டில் மூடி ஒன்று ஆகியவற்றைச் சிறைமீட்டார். பிறகு கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க நான்காம் மாடி வரை மூன்று முறை போய் வந்தார். நான்காம் முறைதான் ஆறாம் மாடி நினைவுக்கு வந்தது.

கதவு திறந்து அவர் வெளியே வந்தபோது, முகத்தில் வேலை முடித்த திருப்தி இருந்தது. ஸ்டாப் வாட்சைப் பார்த்ததும் அது போய்விட்டது. அதை நிறுத்தி, இருபத்து நான்கு நிமிடம் நாற்பது நொடி என்று உரக்கப் படித்தார். படித்துவிட்டு மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். விதி விதிதான், இன்னொரு முறை கீழிருந்து வர வேண்டியிருக்கும் என்று மெல்ல முனகினார்.

மகளுக்கு அழுகை வந்தது. இத்தனை தூரம் ஓடி வந்து, ஒரு கொண்டை ஊசியால் தோற்பதா என்று ஆத்திரமாகவும் இருந்தது. எழுந்து நின்றாள்.

“நான் வந்துட்டேம்ப்பா. நீங்கதான் வரல. இங்க உக்காந்து உக்காந்து எனக்கு மூச்சு வாங்குறதுகூட நின்னு போச்சு. இன்னொரு தடவ ஏற மாட்டேன்.”

தந்தை கிட்டே வந்தார். மோட்டாரின் சூட்டைப் பார்க்க உள்ளங்கையை வைக்காமல் புறங்கையை வைப்பது அவர் தொழில் வழக்கம். அதே புறங்கையை மகளின் பின்கழுத்தில் வைத்தார். வியர்வை காய்ந்து, தோல் குளிர்ந்திருந்தது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவள் மூச்சையும் ஒரு எந்திரத்தைக் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு தம் வாழ்நாளின் மிக உயர்ந்த தீர்ப்பை வழங்கினார்.

“ஆறு மாடி ஏறின மோட்டார் இப்படிச் சில்லுன்னு ஆற முழுசா கால் மணி நேரம் வேணும். கழிச்சா ஒம்போது நிமிஷம் நாப்பது செகண்ட். நீ வந்து சேர்ந்துட்ட. லேட்டா வந்தது நான்தான்.”

கேட்டது வானம்! கேட்டன ஆறு மாடிகளும்! நானூறு லிஃப்டுகளுக்குத் தலைவணங்காத அந்தத் தலை ஒரு படிக்கட்டின் முன் தாழ, மகள் பையைத் திறந்து ஸ்பேனர்களுக்கு அடியில் கசங்கிப் போயிருந்த கோப்பை உருவி, நிலப்படப் பாடத்தின் படிவத்தை எடுத்து நீவி விட, தந்தை அதை வாங்கி வகுப்பறைக் கதவின் மேல் வைத்து இடக்கையால் அழுத்திப் பிடித்து, வெற்றி கொண்ட மகளுக்கு வரம் அருளும் பெருமிதத்தோடு, தொண்டையைச் செருமி, சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டி, வலக்கையைப் பின்னால் நீட்ட, மகள் பைக்குள் கையை விட்டுத் துழாவ, தந்தை தம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு பேரிடமும் பேனா இல்லை.