மொதல்ல நீங்க

கண்ணுங்களா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் ஆட்டோவில் ஏறியவர்களில் பிடிவாதத்துக்கு ஒரு பட்டம் கொடுத்தால், அதை வாங்க ஒரே ஆள்தான் தகுதி. அவரும் அதை வாங்கமாட்டார். 'மொதல்ல நீங்க' என்று என்னிடமே நீட்டுவார்.

அவர் செனகல் நாட்டுப் போட்டோக்காரர். கறுப்பின மக்கள் வெளிநாடுகளில் கூடிப் பாடும் இடங்களைத் தேடித் தேடிப் படமெடுத்துப் புத்தகம் போடுகிறவர். லிஸ்பன் ஆச்சு, பாரிஸ் ஆச்சு, கடைசியாக, பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம்ம ஊரில் ரெட்டியார்பாளையம். அங்கே ஒரு மாடியில் ஐந்து ஆப்பிரிக்க மாணவர்கள் மேளமும் கிடாருமாகப் பாட்டுக்குழு வைத்திருந்தார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம். தன்னை ஒருவர் படமெடுத்த பிறகுதான் அவரைத் தான் எடுப்பார். அதற்காகக் கற்ற தமிழ் இரண்டே சொல்: 'மொதல்ல நீங்க'. எங்கள் ஸ்டாண்டில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. இளநீர்க்காரர் எடுத்ததில் முழங்கால் மட்டும் விழுந்தது. வண்டியை மடக்கிய போலீஸ்காரர் நாலு கோணத்தில் எடுத்துவிட்டு, எதற்கு மடக்கினோம் என்பதையே மறந்துபோனார்.

சிக்கல் மாணவர்களின் வீட்டுக்காரரிடம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர். தெருவுக்கே அவர் 'சொல்தா', பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள். சத்தம் தாங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். போட்டோக்காரரையும் உள்ளே விடவில்லை. இவருக்கோ திங்கட்கிழமை ராத்திரி விமானம்.

வியாழன் போனோம்; கேட் பூட்டு. வெள்ளி போனோம், நாய். சனிக்கிழமை மழை. மனிதர் காமெராவைப் பாலிதீன் பையில் சுற்றி, கேட் கம்பி வழியாக நீட்டியபடி நின்றார்.

"இன்னாத்துக்குய்யா இவர இட்டுனு வர?" என்று சொல்தா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இட்டுனு வரல, முசியே. அவருதான் என்னை இட்டுனு வராரு."

தொல்லை விட்டால் போதும் என்று சொல்தா காமெராவை வாங்கி ஒன்று எடுத்தார். திரையில் பார்த்தால் தலை இல்லை. ரோஷம் வந்துவிட்டது. இன்னொன்று எடுத்தார், கம்பி குறுக்கே நின்றது. கேட்டைத் திறந்தார். மழை படாத இடம் மாடிதான் என்று அவரே அழைத்துப் போனார். படம் நிறைவாக இருக்கட்டும் என்று ஐந்து பையன்களையும் பின்னால் நிறுத்தினார். பிரெஞ்சில் என்னவோ அதட்டினார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"சும்மா நின்னா படம் எப்படிடா நல்லாருக்கும்? வாசிங்க."

வாசித்தார்கள். காமெராவைக் கண்ணில் வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டுக்கும் நின்றார் சொல்தா. பிறகுதான் நம்மவர் தன் படங்களை எடுத்தார், சொல்தாவை நடுவில் உட்காரவைத்து.

"ஏழு மணிக்குள்ள முடிச்சிக்கணும்" என்றார் சொல்தா, எழுந்துகொண்டே. காலி செய்யும் பேச்சே அதன்பின் இல்லை.

திங்கள் மாலை போட்டோக்காரரைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காலி வண்டியை அந்த வீட்டெதிரே நிறுத்தினேன். மேலே பாட்டு. சவாரிக்கு இரண்டு பேர் கைகாட்டிக் கூப்பிட்டார்கள்; போகவில்லை. பாட்டு முடிந்ததும், அவருக்கும் சேர்த்து நான் ஒருவனாகக் கைதட்டிவிட்டு வந்தேன்.