என் வீட்டு மாடியில் ஒரு வெளிநாடு

வெளிநாட்டில் வசிக்கும் என் தம்பிக்கு, கீழ்த்தளத்திலிருந்து உன் அக்கா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு, அதாவது என் தலைக்கு நேர் மேலே, நீயும் நலம் என்பதை உன் செருப்புச் சத்தத்தால் அறிகிறேன்.

பெரும் பணக்காரர்களுக்குப் புது வரி வந்ததும், "இப்படிப் பிடுங்கினா நாங்கல்லாம் நாட்டை விட்டே போயிடுவோம்" என்று மேடையில் முழங்கினாய். போகவும் போனாய். பெட்டிகளோடு நீ நின்ற படம் நாளிதழில் வந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, விமானத்தில் வந்தால் பதிவாகிவிடும் என்று யாரோ நண்பனின் காரில் எல்லையைத் தாண்டி வந்து என் பின்வாசலில் நிற்கிறாய். "அங்க என்னைப் பார்த்து ஒருத்தனும் எழுந்து நிக்கல அக்கா. கடைக்காரன் என்னையே வரிசையில நிக்கச் சொல்றான்" என்று அழாத குறை. வருடத்தில் பாதிக்கு மேல் இங்கே தங்கினால் வரி கட்ட வேண்டுமாம். அதனால் நீ இங்கே இல்லையாம். அங்கே உன்னை யாருக்கும் தெரியவில்லை, இங்கே யாருக்கும் தெரியக் கூடாது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பொய் சொன்னால் உள்ளங்கையில் பிரம்பு விழும். எழுபது வயது வரை காப்பாற்றிய நாக்கை நீ கெடுத்தாய். மேலே தும்முவது யார் என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள், பூனை என்றேன், "பூனை இப்படி அடுக்கடுக்காத் தும்முமா?" என்றாள், அது போதாதென்று குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் மாடிக் குளியலறையில் சவர நுரையைப் பார்த்துவிட்டு, தனியாக வாழும் என்னை மேலும் கீழும் பார்த்தார், தெருவில் போய் என்ன சொன்னாரோ, மறுநாள் பால்காரர் "அம்மா, இனிமே ரெண்டு பாக்கெட்டா?" என்று சிரிக்கிறார். நான் வெட்கத்தால் சிவந்தேன், நீ காபியில் சர்க்கரை குறைவு என்றாய்.

அதையும் பொறுத்தேன். போன வாரம் உன் டிரைவர் இறந்தார். உன் நெஞ்சுவலியன்று சிவப்பு விளக்கையெல்லாம் தாண்டி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். நீ "போனதும்" வேலையிழந்தவர். அவருடைய கடைசி ஊர்வலம் நம் வாசல் வழியாகத்தான் போயிற்று. நீ திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு மூடினாய். தெருவில் நின்று நான் பார்த்தேன். உன் வெளிநாட்டு முகவரியோடு ஒரு மலர்வளையம் வந்து சேர்ந்தது. உன் வீட்டில் சமைத்துப் போட்ட அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா மட்டும் இங்க இருந்திருந்தா ஓடி வந்திருப்பாரும்மா" என்றாள். நான் தலையை ஆட்டினேன். பூனைப் பொய் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வரி போட்டால் பணக்காரர்கள் ஓடிவிடுவார்களா என்று இனி யாராவது கேட்டால் சொல்வேன்: எங்கே ஓடுவார்கள், அக்கா வீட்டு மாடி வரைக்கும்தான்.

ஆனாலும் நீ என் உடன்பிறந்தவன். எந்த நாட்டில் இருந்தாலும் மாத்திரையை மறக்காதே. என் வாயால் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தமக்கை

பி.கு.: இந்தக் கடிதமும் காலைக் காபியும் உன் அறை வாசலில் இருக்கும். முழங்கால் வலியோடு நான் படியேறுவது இதுவே கடைசி. இன்று முதல் சமைக்க ஆள் வைத்துவிட்டேன்; டிரைவரின் மனைவிதான். மத்தியானச் சாப்பாட்டை அவளே மேலே கொண்டு வருவாள். தட்டு யாருக்கென்று நான் வாயைத் திறக்கவில்லை. ஐயா ஓடி வந்திருப்பார் என்றவள் அவள். கட்டிலிலிருந்து கதவு வரைக்குமாவது ஓடி வா.